பட்டறையில் கேட்ட கேள்வியை பையருக்கு எழுதுவது எப்படி: புது மெர்ச்சண்டைசர்களுக்கு

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் முழுக்க ஒரே கட்டடத்துக்குள் தயாராவது குறைவு. நூல் ஓர் இடத்தில் வாங்கி, நிட்டிங் இன்னோர் இடத்தில் ஓட்டி, வீரபாண்டிப் பக்கம் சாயம் போட்டு, காம்பாக்டிங், பிரின்டிங் என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் துணி கட்டிங் டேபிளுக்கு வரும். போகிற இடமெல்லாம் துணியைத் தொடுகிறவருக்கு ஒரு கேள்வி இருக்கும். பதில் சொல்ல வேண்டிய பையர், அதாவது சரக்கு வாங்குகிற கம்பெனிக்காரர், ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ உட்கார்ந்திருப்பார். நடுவில் இருப்பது மெர்ச்சண்டைசர். இந்த வேலையில் பாதி, அடுத்தவர் கேள்வியைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

கோபி, தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கமிருந்து புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் பலர் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். துணி தெரியும், கணக்கு தெரியும், ஆட்களோடு பழகத் தெரியும். பையருக்கு மெயில் எழுதச் சொன்னால்தான் கை நிற்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆங்கில இலக்கணம் முழுவதையும் கற்றுத் தரப் போவதில்லை. ‘வுட் லைக் டு நோ’ (would like to know), அதாவது ‘தெரிந்துகொள்ள விரும்புகிறார்’ என்ற ஒரே ஒரு சொற்றொடர். பிறர் கேள்வியை எடுத்துச் சொல்ல ஆங்கிலத்தில் பெரும்பாலும் செல்லுபடியாகிற சொற்றொடர் இது. இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் நாளைக்கு வருகிற மெயில்களில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம்.

நம் ஊர் மெயில்களில் அதிகம் பார்ப்பது ‘ப்ளீஸ் கன்ஃபர்ம்’, ‘கைண்ட்லி கிளாரிஃபை’. மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் யார் கேட்கிறார்கள், என்ன தெரிய வேண்டும், எதற்காக என்பது மூன்றும் அதில் இருக்காது. ‘வி வான்ட் டு நோ’ என்று எழுதினால் அதட்டுகிற மாதிரி விழும். ‘தி டையிங் யூனிட் வுட் லைக் டு நோ’ என்று தொடங்கினால், கேட்பது சாயப்பட்டறை என்பது முதலிலேயே தெரிந்துவிடும். பையர் ஆபீஸில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய கலர் டெக்னீஷியனிடம் மெயில் நேராகப் போகும். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

முதலில் கேள்வியை முழுசாகக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் முன் செய்ய வேண்டியது இது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். லேப் டிப் (ஒப்புதலுக்காக ஏ, பி என்று ஆப்ஷன் போட்டு அனுப்பும், சாயம் போட்ட சின்னத் துணித்துண்டு) ஒன்று ரிஜெக்ட் ஆகி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பையர் ‘டார்க்கர் ப்ளீஸ்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். நீங்கள் சாயப்பட்டறைக்குப் போன் போட்டால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“ஏனுங்க மாஸ்டர், பி ஆப்ஷன் ரிஜெக்ட் ஆயிடுச்சுங்க. இன்னும் டார்க்கா கேக்கறாங்க.”

“டார்க்குன்னா எப்படி கண்ணு? ஆழம் பத்தலையா, இல்ல சிவப்பு அடிக்குதா? அவங்க எந்த லைட்டுல பார்த்தாங்க? நம்ம டி65ல சரியாத்தான் இருக்குது. கடை லைட்டுல மாறுதோ என்னமோ. அதக் கேட்டுச் சொல்லு, மறுக்கா அடிச்சுத் தர்றேன்.”

இதில் கேள்வி ஒன்றல்ல, இரண்டு. எந்த வெளிச்சத்தில் பார்த்தார்கள் என்பது ஒன்று. குறை ஆழத்திலா, நிறத்தின் சாய்விலா என்பது இன்னொன்று. டி65 என்பது பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு. டிஎல்84 என்பது ஐரோப்பியக் கடைகளில் வெகுநாளாக எரிந்துவந்த குழல்விளக்குக்கு ஈடானது. லைட் பாக்ஸில் துணித்துண்டை வைத்து ஸ்விட்சை மாற்றிப் பாருங்கள். ஒரு விளக்கில் ஒரிஜினலோடு ஒத்துப்போன நேவி புளூ, அடுத்த விளக்கில் ஊதா அடிக்கும். சாயக் கலவை வேறாக இருந்தால் இப்படித்தான் ஆகும். மாஸ்டர் கேட்பது அதைத்தான். இதை ‘ப்ளீஸ் கிளாரிஃபை தி ஷேடு’ என்று சுருக்கி அனுப்பினால், மறுபடியும் ‘டார்க்கர் ப்ளீஸ்’ என்றே பதில் வரும். ஒரு சுற்று வீணாகும், கூரியர் நாட்களும் போகும்.

பல்க்கில், அதாவது மொத்த ஆர்டர் துணியில், ஷேடு தவறினால் நஷ்டம் இன்னும் பெரிது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை ஊரே அறியும். நொய்யலில் சாயக்கழிவு விடக்கூடாது, கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இன்று பட்டறைகள் ஓடுகின்றன. ஒரு லாட்டை மறுபடி சாயம் போடுவது என்றால் தண்ணீர், உப்பு, ஆவி, சுத்திகரிப்பு என்று எல்லாச் செலவும் இன்னொரு தடவை. மாஸ்டர் முன்கூட்டியே கேட்கிற கேள்வியின் மதிப்பை இங்கிருந்து பாருங்கள்.

அதனால் கேள்வியைக் கேட்டதும் நோட்டில் தமிழிலேயே, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒன்று கேளுங்கள்: “பதில் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க மாஸ்டர்?” இதற்கு அவர் சொல்வதில்தான் அவசரம் எவ்வளவு என்பது தெரியும். அப்புறம் டெக் பேக்கை (பையர் கொடுத்த அளவு, துணி விவரக் கோப்பை) திறந்து பாருங்கள். அதிலேயே பதில் இருக்கிற கேள்வியை பையருக்கு அனுப்பாதீர்கள். ஒன்றிரண்டு முறை அப்படி அனுப்பினால், அடுத்து வரும் நல்ல கேள்விக்கும் அவர் கவனம் கொடுக்க மாட்டார்.

கேட்பவர் யார் என்று எழுதுங்கள்

பையருக்கு மாஸ்டரின் பெயர் தெரியாது, தெரியவும் வேண்டாம். வேலையின் பெயரைப் போடுங்கள்: ‘தி டையிங் யூனிட்’, ‘தி நிட்டிங் யூனிட்’, ‘தி பிரின்டிங் யூனிட்’, ‘தி கட்டிங் டீம்’, ‘தி பேக்கிங் டீம்’. அதற்குப் பின்னால் ‘வுட் லைக் டு நோ’. ஒருவரானாலும் பலரானாலும் ‘வுட்’ மாறாது. ‘வான்ட்ஸ்’ஸா ‘வான்ட்’டா என்று குழம்ப வேண்டியதில்லை. புதியவர்களுக்கு இந்தச் சொற்றொடரை நான் சிபாரிசு செய்ய இதுவும் ஒரு காரணம்.

கேள்வி உங்களுடையதாக இருந்தால் ‘ஐ வுட் லைக் டு நோ’ என்றே எழுதுங்கள். தனக்குத் தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டு, பட்டறை கேட்கிறது, ஃபேக்டரி கேட்கிறது என்று அடுத்தவர் தலையில் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பையர் நேரில் வரும்போதோ வீடியோ காலில் பேசும்போதோ மாஸ்டரிடமே அதைக் கேட்டுவிடுவார். “நான் கேக்கவே இல்லீங்களே” என்று அவர் சொன்னால் உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது. மெர்ச்சண்டைசர் புதியவர் என்பது பையருக்குத் தெரியும். நேராகக் கேட்டால் பொறுமையாகவே சொல்வார்கள்.

விலை, பேமென்ட், ஷிப்மென்ட் தேதியைத் தள்ளுவது பற்றிய கேள்விகள் மட்டும் வேறு கணக்கு. அவை முதலாளியின் கேள்விகள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

வாக்கியத்தை அமைப்பது

நாம் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில். தமிழில் அடுத்தவர் கேள்வியைச் சொல்லும்போது கேள்வியை உடைப்பதே இல்லை. ‘லேபிள் எங்கே வைக்கணும்?’ என்பதை அப்படியே வைத்து, பின்னால் ‘என்று கேட்கிறார்’ என்று சேர்த்தால் போதும். அதே பழக்கத்தில் ஆங்கிலக் கேள்வியையும் முழுசாகத் தூக்கிவந்து ஒட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒட்டும்போது கேள்வியின் வரிசை சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்ப வேண்டும்.

‘வாட் இஸ் தி டாலரன்ஸ்?’ (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்?) என்பது நேர்க்கேள்வி. பின்னால் சேர்க்கும்போது ‘தி நிட்டிங் யூனிட் வுட் லைக் டு நோ வாட் தி டாலரன்ஸ் இஸ்’ என்று ஆகும். ‘இஸ்’ கடைசிக்குப் போய்விட்டது. ‘வென் வில் யூ அப்ரூவ்?’ என்பது ‘வென் யூ வில் அப்ரூவ்’ ஆகும். ‘டு’, ‘டஸ்’, ‘டிட்’ வருகிற கேள்வியானால் அவை காணாமலே போகும்: ‘வேர் டிட் யூ மெஷர்?’ என்பது ‘வேர் யூ மெஷர்ட்’. இந்த மூன்றையும் வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்கள். விதியை மனப்பாடம் செய்வதைவிடக் காதில் ஏற்றிக்கொள்வது சுலபம்.

ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விக்கும், இதுவா அதுவா என்ற கேள்விக்கும் நடுவில் ‘வெதர்’ (whether) வேண்டும். நிட்டிங்காரர், “160 ஜிஎஸ்எம்ங்கறது வாஷுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்கிறார். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். ‘தி நிட்டிங் யூனிட் வுட் லைக் டு நோ வெதர் 160 ஜிஎஸ்எம் இஸ் பிஃபோர் ஆர் ஆஃப்டர் வாஷ்.’ இந்தக் கேள்வியைச் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். துவைத்தால் காட்டன் சிங்கிள் ஜெர்சி சுருங்கும், சுருங்கினால் எடை கூடும். முன்னாடியா பின்னாடியா என்று தெரியாமல் லூப் லெங்த்தை (ஒரு கண்ணிக்கு ஆகும் நூலின் நீளத்தை) வைத்து ஓட்டிவிட்டால், ஐந்து சதவீத டாலரன்ஸ், அதாவது 152 முதல் 168 வரை, என்ற எல்லையைத் துணி சுலபமாகத் தாண்டிவிடும்.

‘வெதர்’ வந்தால் ‘தட்’ வேண்டாம். ‘ஆஸ்கிங் தட் வெதர்’ என்று எழுதுவது நம் பக்கம் அதிகம். இப்படி எழுதிய வாக்கியத்தின் கடைசியில் கேள்விக்குறியும் வேண்டாம், முற்றுப்புள்ளி போதும்.

அப்புறம், ‘தி டையிங் யூனிட் ஹாஸ் எ டவுட்’ என்று எழுதாதீர்கள். நாம் விளக்கம் கேட்கிறோம் என்று நினைத்து எழுதுவோம். வெளிநாட்டுக்காரருக்கு அது, பட்டறை உங்களை நம்பவில்லை என்பது போலப் படும். ‘ஹாஸ் எ கொஸ்டின்’ என்று போடுங்கள்.

எதற்காக, எப்போதைக்குள்

கேள்விக்கு அடுத்த வரியில் காரணமும் கெடுவும் வர வேண்டும். ‘வி நீட் யுவர் ஆன்ஸர் பை தர்ஸ்டே டு ஸ்டார்ட் பல்க் டையிங் ஆன் ஃப்ரைடே.’ மாஸ்டரிடம் பதில் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டு வைத்தீர்கள் அல்லவா, அது இங்கே உதவும். காரணம் தெரிந்தால் பையர் தன் மேலதிகாரியிடம் பேசிச் சீக்கிரம் வாங்கித் தருவார். சும்மா ‘அர்ஜென்ட்’ என்று போட்டால் யாரும் அசைய மாட்டார்கள், எல்லா மெயிலிலும் அதுதானே இருக்கிறது.

தேதியை 05/06 என்று எண்ணில் எழுதாதீர்கள். இங்கிலாந்தில் அது ஜூன் 5, அமெரிக்காவில் மே 6. மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டுவிட்டால் தீர்ந்தது.

நேரக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். இங்கே மாலை 5.30 ஆகும்போது லண்டனில் குளிர்காலத்தில் நண்பகல் 12, கோடையில் 1 மணி. நியூயார்க்கில் காலை 7 அல்லது 8. ஐரோப்பிய பையருக்கான கேள்வியை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பிவிட்டால், அவர் ஆபீஸுக்கு வந்ததும் முதலில் அதைப் பார்ப்பார், நீங்கள் கிளம்புவதற்குள் பதில் வரவும் வாய்ப்பிருக்கிறது. சாயங்காலம் கேட்டு எழுதினால் அநேகமாக மறுநாள்தான்.

கேள்விகள் பல இருந்தால்

எண் போட்டுத் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒரே பத்தியில் நாலு கேள்வி இருந்தால் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். சாயப்பட்டறைக் கேள்விகள் ஒரு பக்கம், பேக்கிங் கேள்விகள் ஒரு பக்கம் இருக்கட்டும். அவசரமானது மேலே. படம் இணைத்தால் அளவு டேப் படத்தில் தெரிய வேண்டும்.

முழு மெயில் இவ்வளவு போதும்:

‘டியர் அன்னா, தேங்க் யூ ஃபார் யுவர் காமென்ட்ஸ் ஆன் தி லேப் டிப். தி டையிங் யூனிட் வுட் லைக் டு நோ: 1. விச் லைட் சோர்ஸ் யூ யூஸ்ட். 2. வெதர் ஆப்ஷன் பி இஸ் டூ லைட் ஆர் டூ ரெட். வித் யுவர் ஆன்ஸர் பை தர்ஸ்டே, தே கேன் சென்ட் எ நியூ லேப் டிப் ஆன் சாட்டர்டே.’

பதில் வராவிட்டால் இரண்டாம் முறை எழுதும்போது அதே கேள்வியை மறுபடியும் முழுசாக எழுதுங்கள். ‘தி டையிங் யூனிட் இஸ் ஸ்டில் வெயிட்டிங் டு ஹியர் வெதர்…’ என்று தொடங்கலாம். ‘ஆஸ் பெர் பிலோ மெயில்’ என்று போட்டு, அவரைக் கீழே தேட விடக்கூடாது.

பையரின் கேள்வியைப் பட்டறைக்குக் கொண்டுவருவது

இதே சொற்றொடர் அந்தப் பக்கமிருந்தும் வரும். அதை இறக்குவதில் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் இங்கே மனிதர்களின் மனசு சம்பந்தப்பட்டது. சைஸ் செட் (ஒவ்வொரு சைஸிலும் தைத்த சாம்பிள்) போன பிறகு ஒரு மெயில் வருகிறது: ‘அவர் டெக்னீஷியன் வுட் லைக் டு நோ ஹவ் தி ஸ்லீவ் வாஸ் மெஷர்ட்.’ அவர்கள் டெக்னீஷியன், கை நீளத்தை எப்படி அளந்தீர்கள் என்று கேட்கிறார், அவ்வளவுதான். புது ஆள் ஃப்ளோருக்கு ஓடிவந்து, “ஸ்லீவ் தப்பா இருக்குதாமாங்க, பையர் சத்தம் போடறாங்க” என்று சொன்னால், கட்டிங் மாஸ்டர் டெய்லரைப் பார்ப்பார், டெய்லர் கட்டிங் மாஸ்டரைப் பார்ப்பார். அளந்த விதத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

கை நீளத்தைத் தோள் முனையிலிருந்தும் அளக்கலாம், பின் கழுத்தின் நடுவிலிருந்தும் அளக்கலாம். கழுத்துவரை நீளும் ராக்லன் கைக்கு தோளில் தையலே இல்லாததால் கழுத்திலிருந்து அளப்பதுதான் வழக்கம். இரண்டு பக்கமும் வேறு வேறு புள்ளியிலிருந்து அளந்தால் எண் ஒத்துப்போகாது. தைத்தவர் மேல் அதில் குற்றம் ஒன்றும் இல்லை. எனவே இப்படிக் கேளுங்கள்: “அண்ணா, பையரோட டெக்னீஷியன் கேட்டிருக்காங்க. ஸ்லீவை எந்த இடத்திலிருந்து அளந்தோம்னு தெரியணும்ங்களாம். கொஞ்சம் அளந்து காட்டறீங்களா, படம் எடுத்து அனுப்பிடறேன்.” அவர் டேபிளில் துணியை விரித்து டேப்பை வைத்துக் காட்டிவிடுவார்.

பையர் கேட்டது, நீங்கள் நினைப்பது, முதலாளி சொன்னது மூன்றையும் கலக்காமல் பேசுங்கள். “பையர் கேட்டது இது. எனக்கு இப்படித் தோணுதுங்க” என்று பிரித்துச் சொன்னால் பெரியவர்கள் உங்கள் யோசனையையும் காது கொடுத்துக் கேட்பார்கள். வயதில் மூத்த மாஸ்டர்களிடம் ‘ங்க’ விட்டுப்போகக் கூடாது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொற்றொடர் வேண்டாத இடங்கள்

மெட்டல் டிடெக்டரில் ஊசித் துண்டு பிடிபட்டது, கார்ட்டன் நனைந்துவிட்டது போன்ற சமயங்களில் பேக்கிங் டீம் தெரிந்துகொள்ள விரும்புகிறது என்றெல்லாம் சுற்றி எழுதக்கூடாது. நடந்ததை முதல் வரியில், நிறுத்தியதை இரண்டாம் வரியில் எழுதி, உடனே போன் செய்யுங்கள். ஒரு கம்பெனியில் பிரின்ட் உரிந்துவருவதை ஒரு கேள்வி போல மென்மையாக எழுதி அனுப்பினார்கள். பையர் அதைச் சாதாரண விசாரணை என்று எடுத்துக்கொண்டு மூன்று நாள் கழித்துப் பதில் போட்டார். அதற்குள் சரக்கு பாதி பேக் ஆகியிருந்தது.

பதில் வந்த பிறகு

பதிலைப் போனில் சொன்னால் மட்டும் போதாது. யார் கேட்டாரோ அவருக்கு எழுத்தில் போக வேண்டும். மாஸ்டருக்கு மெயில் பழக்கம் இல்லை என்றால், பையர் எழுதிய வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கீழே தமிழில் இரண்டு வரி சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: “டிஎல்84ல பார்த்தாங்களாம். ஆழம் சரி, சிவப்பைக் குறைக்கச் சொல்றாங்க.” வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், நாலு நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது. அப்ரூவ் ஆன லேப் டிப் அட்டையின் பின்பக்கத்தில் விளக்கின் பெயரையும் பதில் வந்த தேதியையும் எழுதி ஸ்டைல் ஃபைலில் வையுங்கள். அடுத்த சீசனில் அதே கலர் மறுபடி ஆர்டர் வரும்போது, அந்த அட்டையைப் பார்த்தே மாஸ்டர் வேலையைத் தொடங்கிவிடலாம்.